ஊர் கூடும் அவை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் என்றொரு பழங்கோயில் உண்டு. அதன் கருங்கற் சுவர்களில் கல்வெட்டுகள் பல உள்ளன. கல்வெட்டு என்றவுடன் மன்னனின் போர் வெற்றியோ, கோயிலுக்கு விட்ட நிலமோ, நுந்தா விளக்குக்கு அளித்த ஆடுகளோ நினைவுக்கு வருதல் இயல்பு. அச்சுவரில் காணப்பெறும் இரண்டு கல்வெட்டுகள் அத்தகையன அல்ல. ஊர்க் காரியங்களைப் பார்ப்பதற்கு யாரைத் தெரிந்தெடுக்கலாம், எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும், எவரைச் சேர்க்கவே கூடாது என்று ஊர்ச்சபையார் தாமே கூடி முடிவு செய்து பொறித்து வைத்த விதிகள் அவை. முதற் பராந்தக சோழனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டாகிய கி.பி. 919-இல் ஒன்றும், பதினான்காம் ஆட்சியாண்டாகிய 921-இல் மற்றொன்றும் வெட்டப்பெற்றன. இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று என்பதிலிருந்தே, அவை கல்லளவில் நில்லாமல் நடைமுறைக்கு வந்தன என்பது விளங்கும்.

அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று குறிக்கும் வாயோலையையும் சேர்த்து ஒரு குடத்தில் இட்டனர். சிறியோர் முதியோர் அனைவரும் கூடியிருக்க, நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தைத் தூக்கி எல்லோரும் காணக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை அவிழ்த்து மற்றொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓரோலையை எடுப்பான். மத்தியஸ்தன் அவ்வோலையை ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் பெயரை உரக்கப் படிப்பான். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனை மீண்டும் படிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதிக்கொள்ளப்படும். விரலை விரித்து ஏற்க வேண்டும் என்ற விதி எதற்கு? மூடிய கையில் ஓரோலை மற்றோர் ஓலையாக மாறிவிடக் கூடும் அன்றோ! மனிதர் இயல்பை நன்கறிந்தவரே இவ்விதியை எழுதியிருத்தல் வேண்டும்.

இவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் இருந்தன. பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். இவ்விதிகளுள் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்கது கணக்கைப் பற்றியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனது பெயர் குடத்தில் இடப்படாது. அவன் பெயர் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மகன், மருமகன் என உறவினர் பெயர்களும் விலக்கப்பட்டன. ஒருவன் கணக்குக் காட்டாமல் ஒதுங்கினால் அவன் சுற்றமே ஊர்ப்பணியினின்றும் ஒதுங்க வேண்டும். குற்றமற்ற உறவினனைத் தண்டிப்பது நேர்மையா என்று இன்று கேட்கலாம். ஆயினும் தான் விலகி, தன் மைத்துனனை முன் நிறுத்தித் திரைமறைவில் ஆட்டுவிக்கும் வழக்கம் அன்றும் இருந்ததாகவே இவ்விதி காட்டுகிறது.

இத்துணைச் சிறப்புடைய அவையில் யார் அமர்ந்தனர் என்பதையும் மறைக்காமல் காணுதல் வேண்டும். உத்தரமேரூர் அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலம். வாரியத்துக்குரியவர் இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், தம் சொந்த மனையில் வீடு கட்டியவராகவும், முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்கு உட்பட்டவராகவும், வேதப் பயிற்சி உடையவராகவும் இருத்தல் வேண்டும். பெண்கள் பெயர் குடத்தில் இடப்படவில்லை. ஏரியில் மண் சுமந்தோர்க்கும், அதன் நீரால் பிறர் வயலை உழுதோர்க்கும் ஏரி வாரியத்தில் இடமில்லை. குடவோலை முறையை உலகின் முதல் மக்களாட்சி என்று மேடைதோறும் புகழ்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். கணக்குக் கேட்பதில் அவ்வவை மிகக் கண்டிப்பாக இருந்தது. கேட்கும் உரிமையோ ஊராருள் ஒரு பகுதியினரிடமே இருந்தது.

பிற ஊர்களில் ஊர் என்ற அவையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் நகரம் என்ற அவையும், பல ஊர்களைத் தழுவிய நாடு என்ற அவையும் இயங்கின. சோழராட்சிக்குப் பின் இவை மெல்ல மெல்ல வலியிழந்தன. ஆங்கிலேயர் காலத்தில் 1688-இல் சென்னையில் நகராண்மை மன்றம் ஏற்பட்டதும், 1882-இல் ரிப்பன் பிரபு தல ஆட்சிக்குரிய தீர்மானத்தை வெளியிட்டதும், 1884-இல் சென்னை மாகாணத்தில் தல ஆட்சிக் கழகச் சட்டம் இயற்றப்பட்டதும், 1920-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் வந்ததும் வரலாற்று நூல்களில் விரிவாகக் காணக் கிடைப்பன.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பை வகுத்த அவையில் கிராமத்துக்கு என்ன இடம் அளிப்பது என்ற வினா எழுந்தது. 1948 நவம்பர் 4-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் வரைவை முன்மொழிந்து பேசியபோது, கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாததை நியாயப்படுத்தினார். கிராமம் குறுகிய பற்றுக்கும் அறியாமைக்கும் சாதி வேற்றுமைக்கும் இருப்பிடமாக இருக்கின்றது என்பது அவர் கருத்து. ஊர்க்கிணற்றில் நீர் எடுக்க விடாத ஊரிடம் அதிகாரத்தை அளித்தால் ஒடுக்கப்பட்டோர் நிலை யாதாகும் என்ற அச்சம் அதன் அடியில் இருந்தது. உறுப்பினர் பலர் அவரை மறுத்துப் பேசினர். அம்மாதம் 22-ஆம் நாள் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவற்றுக்குத் தன்னாட்சி அலகுகளாக இயங்கும் ஆற்றலை அரசு அளித்தல் வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கரும் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவாயிற்று. எனினும் அம்பேத்கர் எழுப்பிய வினா அத்துடன் முடிந்துவிடவில்லை.

அப்பிரிவு வழிகாட்டும் நெறியாக மட்டுமே இருந்தமையால், அதனைக் கைக்கொள்வதும் கைவிடுவதும் அவ்வம் மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தமே ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் உறுதியான இடத்தை அளித்தது. அதற்கிணங்க 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அவர்தம் மக்கள்தொகைக்கேற்ப இடங்களும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களும் ஒதுக்கப்பட்டன. பெண்கள் பங்கு 2016-இல் தமிழ்நாட்டில் சரிபாதியாக உயர்த்தப்பட்டது.

இங்கே ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஊராட்சி மன்றம் என்பது தேர்தலில் வென்ற தலைவரும் உறுப்பினரும் கூடும் சிறிய அவை. கிராம சபை அவ்வாறன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அதில் சேர மனு வேண்டுவதில்லை, கட்டணம் இல்லை, நிலமும் கல்வியும் கேட்கப்படுவதில்லை. பதினெட்டு வயது நிரம்பிப் பெயர் பட்டியலில் ஏறியவுடன், கூலி வேலை செய்யும் பெண்ணும் நூறு ஏக்கர் உடையவரும் அதில் ஒரு நிலையினர் ஆகின்றனர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மக்கள் தம் சார்பாளரை அனுப்புகின்றனர். கிராம சபைக்கோ மக்கள் தாமே செல்கின்றனர். உத்தரமேரூர்க் குடத்தில் இடம்பெறாத பெயர்கள் எல்லாம் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுவது வழக்கமாயிற்று. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-உம், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டன. கூட்டத்தைப் பற்றி ஏழு நாள் முன்னரே ஊரார்க்கு அறிவித்தல் வேண்டும். ஐந்நூறு பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊராட்சியில் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். இடைப்பட்ட ஊராட்சிகளுக்கு இடைப்பட்ட எண்கள் உண்டு. ஊராட்சித் தலைவர் தலைமை தாங்குவார். செயலர் தீர்மானங்களை எழுதுவார்.

அவ்வவையில் பேசப்படுவன யாவை? தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ஊர்ச்சாலை, சுடுகாட்டுப் பாதை. வெளியூரார்க்கு இவை சிறியனவாகத் தோன்றும். சுடுகாட்டுக்குப் பாதையின்றி, மழைக்காலத்தில் நெற்பயிருக்கு நடுவே வரப்பின் மீது பாடையைச் சுமந்து செல்ல நேர்ந்தவருக்கு அது சிறியதன்று.

குடிநீரை எடுத்துக்கொள்வோம் எனில், அவையின் பயன் எத்தகையது என்பது விளங்கும். ஓர் ஊரில் மேல்நிலைத் தொட்டி ஒன்று உள்ளது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதற்கு நீர் ஏற்றப்படுகின்றது. தொட்டியை அடுத்த தெருக்களுக்கு நாள்தோறும் நீர் வருகின்றது. கடைக்கோடியில் உள்ள காலனிக்கு வருவதில்லை. அங்குள்ள ஒரு பெண் எழுந்து, தங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்து இருபது நாள் ஆயிற்று என்று சொல்கின்றாள். தொட்டியில் நீர் குறைவு என்கிறார் தலைவர். நாள்தோறும் தொட்டியை நிரப்பித்தான் திறந்துவிடுவதாகத் தொட்டி இயக்குபவர் கூறுகின்றார். அப்படியானால் நீர் எங்கே போகின்றது? சிறிது நேரம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிறகு முதியவர் ஒருவர், நடுத்தெருவில் நான்கைந்து வீடுகளில் பொதுக்குழாயில் நேராக மோட்டார் பொருத்தி உறிஞ்சுகின்றனர் என்பதை மெல்ல வெளியிடுகின்றார்.

அது எல்லோர்க்கும் தெரிந்த செய்தியே. ஆயினும் தெரிந்ததைச் சொல்வது எளிதன்று. மோட்டார் வைத்திருப்பவர் எதிரிலேயே அமர்ந்திருக்கின்றார். அவர் நிலத்தில்தான் நாளைக்குக் களை எடுக்கப் போக வேண்டும். அவர் கடையில்தான் கடன் சொல்லிப் பொருள் வாங்க வேண்டும். நகரத்து அலுவலகத்துக்கு மனு அனுப்புவோர்க்கு இத்துன்பம் இல்லை. முகத்துக்கு நேராகப் பேச வேண்டியிருப்பதே கிராம சபையின் வலிமை. அதுவே அதன் இடர்ப்பாடும் ஆகும். உண்மை வெளிப்பட்டபின் வழி பிறக்கின்றது. மோட்டார்களை அகற்றச் சொல்லலாம். வால்வு அமைத்து, காலையில் கடைக்கோடிக்கும் மாலையில் மற்றத் தெருக்களுக்கும் நீர் விடலாம். காலனி மேட்டில் இருப்பின் தனிக்குழாய் பதிக்கலாம். எதைச் செய்வது, எப்பொழுதுக்குள் செய்வது, பணம் எதிலிருந்து எடுப்பது என்ற மூன்றும் எழுதப்பட்டால் அது தீர்மானம். "ஆவன செய்யப்படும்" என்று மட்டும் எழுதினால், அடுத்த கூட்டத்திலும் அதே பெண் அதே சொற்களைச் சொல்ல நேரும்.

எல்லாக் காரியமும் ஊராட்சியின் கையில் இல்லை என்பதும் அறியத்தக்கது. பள்ளிக்கு ஆசிரியரை அமர்த்துவதும் மருத்துவமனைக்கு மருத்துவரை அனுப்புவதும் அவ்வத் துறைகளின் பணி. நாற்பது எக்டேருக்கு மேல் பாசனம் பெறும் ஏரி நீர்வளத் துறையைச் சார்ந்தது. அதனினும் சிறியது ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தது. ஒரு காலத்தில் ஏரி வாரியம் தானே மடையையும் கரையையும் கண்காணித்தது. இப்பொழுது ஊர்ச்சபை தன் ஏரிக்காகப் பிற துறைக்குத் தீர்மானம் அனுப்பிக் காத்திருக்க வேண்டியுள்ளது. இஃது ஒரு குறையே.

அடுத்து வருவது கணக்கு. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி முதலியவற்றாலும் அரசு மானியத்தாலும் ஊராட்சிக்குப் பணம் வருகின்றது. அவ்வரவு செலவைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும். பல இடங்களில் செயலர் அதனை விரைவாகப் படித்து முடித்துவிடுவார். கேட்போரும் தேநீர் எப்பொழுது வரும் என்றிருப்பர். கணக்கை உரக்கப் படிப்பதில் என்ன நேர்ந்துவிடப் போகின்றது என்று கருதுவோர், இராசத்தானத்தில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும்.

அங்கே பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்னும் ஊரில் 1994 திசம்பர் 2-ஆம் நாள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் உழவர் அமைப்பு ஒரு பொது விசாரணையை நடத்தியது. பஞ்சப் பகுதியில் அரசு நடத்திய வேலைகளுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை என்பது மக்களின் குறை. வேலைப் பட்டியல்களையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் நடுவே படித்தனர். வேறொன்றும் செய்யவில்லை, படித்தனர், அவ்வளவே. அதுவும் அதனைத் தொடர்ந்த விசாரணைகளும் நடந்தபோது, வேலைக்கே வராதவர் பெயர்கள் பட்டியலில் இருந்ததும், முடியாத கட்டடங்கள் முடிந்ததாக எழுதப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளியும், தன் பெயருக்கு எதிரே எத்தனை நாள் கூலி எழுதப்பட்டுள்ளது என்று கேட்டவுடன், அதில் உண்மை எது பொய் எது என்று சொல்ல வல்லவரானார். தணிக்கையாளர் அறைக்குள் அமர்ந்து காண முடியாததை ஊரார் மரத்தடியில் கண்டனர். கணக்கின் நகலைக் கேட்டபோது அதிகாரிகள் தர மறுக்கவே, 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போர் நடந்தது. தகவல் அறியும் உரிமைக்கு 1997-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. பெருஞ்சட்டம் ஒன்றின் வேர்களுள் ஒன்று சிற்றூரில் படிக்கப்பட்ட கூலிப்பட்டியலில் இருக்கின்றது.

இனி, அம்பேத்கர் எழுப்பிய வினாவுக்குத் திரும்புதல் வேண்டும். சட்டம் அவையின் கதவைத் திறந்துவிட்டது. அக்கதவின் வழியே நுழைந்தோர்க்கு நேர்ந்தது என்ன? மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. சாதி இந்துக்களுள் ஒரு சாராரின் எதிர்ப்புக்கிடையே முருகேசன் தலைவரானார். 1997 சூன் 30-ஆம் நாள் பேருந்தில் ஊர் திரும்பும்போது அவரும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஊராட்சித் தலைவரின் நாற்காலி ஒன்றுக்காக ஆறு உயிர்கள் போயின.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்னும் ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் வேறு வகையில் தடை நேர்ந்தது. தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்குத் தேர்தல் முறையாக நடைபெறவில்லை. மனுச் செய்ய ஒருவரும் முன்வராத நிலை ஏற்படும்; அல்லது வென்றவர் உடனே பதவி விலகுவார். வெளிப்படையான வன்முறை இல்லாமலேயே சட்டம் செயலற்றதாயிற்று. அதிகாரிகளும் சமுதாயத் தொண்டர்களும் ஊர்ப் பெரியோரும் பலகாலம் பேசியதன் பயனாக, 2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சார்ந்த தலைவர் நால்வரும் பதவி ஏற்றனர். அவர்களுக்குச் சென்னையில் சமத்துவப் பெருவிழா என்ற பெயரால் பாராட்டு விழா எடுக்கப்பட்டது. 2021 அக்டோபர் 2-ஆம் நாள் அப்பாப்பாபட்டியிலேயே கிராம சபை கூடியபோது, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதில் கலந்துகொண்டு ஊராரின் வேண்டுகோள்களைக் கேட்டார்.

பெண் தலைவர்களின் நிலையும் முற்றும் சீர்பட்டுவிட்டது என்பதற்கில்லை. தலைவர் இருக்கையில் கணவர் அமர்ந்து பேச, மனைவி பின்னால் நின்று கையெழுத்து மட்டும் இடும் ஊர்கள் இன்னும் உண்டு. மைத்துனன் பெயரையும் குடத்தில் இடாத பழைய விதி ஈண்டு நினைவுக்கு வருகின்றது. ஆயினும் முதற் கூட்டத்தில் தலைகுனிந்திருந்த பெண், ஒப்பந்தக்காரரின் சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்குத் தேர்ந்துவிடுவதும் உண்டு.

தேர்தலே நடவாத காலங்களும் வந்துள்ளன. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபின் 2019 திசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. தனி அலுவலர்களே பணியாற்றினர். 2019-இல் தேர்தல் கண்ட 27 மாவட்டங்களின் மன்றங்களுக்கும் 2025 சனவரியில் காலம் முடிய, மீண்டும் தனி அலுவலர் அமர்த்தப்பட்டனர். மன்றத்துக்குத்தான் ஐந்தாண்டுக் காலவரை உண்டு. கிராம சபைக்கு அஃது இல்லை. வாக்காளர் பட்டியல் உள்ளவரை அச்சபையும் உள்ளது. தலைவர் இல்லாத நாளிலும் ஊரார் கூடலாம், கணக்குக் கேட்கலாம்.

கூட்டம் முடியும் தறுவாயில் தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காகச் சுற்றி வரும். பக்கம் வெறுமையாக இருக்க, தீர்மானம் பிறகு எழுதிக்கொள்ளப்படும் என்று சொல்லப்படும் இடங்களும் உள்ளன. அறிந்த ஊரார் அதற்கு இசைவதில்லை. தண்ணீர், விளக்கு, சாலை என்று பேசியவை அனைத்தும் வரிசையாக எழுதப்பட்டு, எழுதியது உரக்கப் படிக்கப்பட்ட பின்னரே அவர்கள் எழுதுகோலைக் கையில் எடுக்கின்றனர்.